வரி என்றால் கோடு: ஒரே மாநிலத்தில் வீட்டுவரி ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதியில் 2006 முதல் மூன்று மாவட்டங்கள் உள்ளன. மூன்றுக்கும் சேர்த்து நகராட்சி ஒன்றுதான்: 1957இல் தொடங்கப்பட்ட போர்ட் பிளேர் நகராட்சி. 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. நகருக்குள் இருக்கும் மரைன் ஹில் வீடு ஒன்று நகராட்சியின் சொத்துவரிக்கு உட்பட்டது. நகர எல்லையைக் கடந்தால் ஊராட்சி. அங்கே சட்டம் வேறு, கணக்கு வேறு. கடலைக் கடந்து கார் நிக்கோபாருக்குச் சென்றால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட அத்தீவில் நிலம் 'தூஹேத்' எனப்படும் கூட்டுக்குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. வெளியாருக்கு அதை விற்க முடியாது. விற்பனையும் வாடகையும் இல்லாத இடத்தில் வாடகை மதிப்பு ஏது? வாடகை மதிப்பு இல்லாத இடத்தில் அதன்மீதான சதவீதம் ஏது?

'இம்மூன்று மாவட்டங்களின் சொத்துவரி விகிதங்களை ஒப்பிடுக' என்று ஒரு தேர்வுத்தாளில் கேட்டால், சரியான விடை ஓர் அட்டவணையாக இருக்க முடியாது. மரைன் ஹில்லிலேயேகூட 'சொத்து' என்ற சொல் எளிதானதன்று. 1858இல் தண்டனைக் குடியேற்றமாகத் தொடங்கிய அத்தீவுகளில், 1926ஆம் ஆண்டின் நில உரிமை ஒழுங்குமுறை எல்லா நிலத்தையும் அரசுடையது என்றது. அதன் இடத்தைப் பிடித்த 1966ஆம் ஆண்டின் நிலவருவாய், நிலச்சீர்திருத்த ஒழுங்குமுறையும் அக்கொள்கையைக் கைவிடவில்லை. அங்கே குடியிருப்போர் சட்டத்தின் பார்வையில் குத்தகைதாரர்கள், மானியம் பெற்றவர்கள், உரிமம் பெற்றவர்கள். ஆக, தாய்நிலத்தவர் 'சொத்து' என்று எண்ணும் பொருளில் அல்லாமல், பயன்பாட்டின் மதிப்பில்தான் அங்கே சொத்துவரி நிற்கிறது.

தீவுகளில் துலக்கமாகத் தெரியும் இச்சிக்கல் தமிழ்நாட்டில் மறைந்து கிடக்கிறது. மாநிலம் ஒன்று, சட்டமன்றம் ஒன்று என்பதால் வீட்டுவரியும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும். உண்மையில், ஒரே அளவுள்ள இரு வீடுகளுக்கிடையே வரி பன்மடங்கு வேறுபடுவதுண்டு. அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளச் சதவீதங்களை அடுக்குவது போதாது. எதன்மீது வரி, யார் மதிப்பிட்டது, எந்த எல்லைக்குள் என்ற மூன்று கேள்விகளுக்கு வரலாறு தந்த விடைகளைப் பார்க்க வேண்டும்.

தமிழில் 'வரி' என்ற சொல்லுக்குக் கோடு என்றும் தீர்வை என்றும் பொருள் உண்டு. இரண்டும் ஒரே வேரா என்பது வேறு ஆய்வு. ஆனால் வரி விதிப்பதும் கோடு போடுவதும் ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன. சோழர் காலத்தில் வரிப்பொத்தகம் வைத்திருந்த அலுவலர்களும் புரவுவரித் திணைக்களமும் செய்த வேலை, எந்த நிலம் எந்தக் கணக்கில் அடங்கும் என்று எழுதிவைப்பதே. 'இறை' என்ற பழஞ்சொல் 'இறு', அதாவது செலுத்து, என்பதோடு தொடர்புடையது. அது கொடுப்பவரின் பக்கத்திலிருந்து பிறந்த சொல். கல்வெட்டுகளில் மனையிறை, தறியிறை, செக்கிறை எனப் பலவகை இறைகள் வருகின்றன. விஜயநகர காலத்தில் வாசல்வரியும் வாசற்பணமும் வருகின்றன. வீட்டின் பரப்பையோ வாடகையையோ எண்ணாமல் வாசலை எண்ணியது அம்முறை. கதவு ஒன்றென்றால் கணக்கும் ஒன்று.

விகிதம் இடத்துக்கு இடம், அலுவலருக்கு அலுவலர் மாறுவதை மக்கள் அன்றே எதிர்த்தனர். 1429இல் திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறை ஆகிய ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி எடுத்த முடிவைக் கூறுகின்றன. பிற சமயங்களில் மோதிக்கொண்ட இரு பிரிவினரும் வரிக்கொடுமைக்கு எதிராக ஒன்று சேர்ந்து, எந்த நிலத்துக்கும் எந்தத் தொழிலுக்கும் எவ்வளவு என்று தாங்களே வரையறுத்தனர். அலுவலருக்குத் துணைபோவோரைத் தண்டிப்பதாகவும் அறிவித்தனர். விகிதத்தைக் கல்லில் எழுதியதன் நோக்கம், நாளை வருபவர் அதை மாற்றக்கூடாது என்பதே.

இன்றைய சொத்துவரியின் நேரடி முன்னோர் என்று சொல்லத்தக்கது சென்னையில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1678இல் ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் தெருத் துப்புரவுக்காக வீட்டுக்கு வரி விதிக்க முயன்றார். கருப்பர் நகரத்து மக்கள் எதிர்த்தனர். 1686 சனவரியில், வில்லியம் கிஃபோர்டு ஆளுநராக இருந்தபோது, அந்நகரின் மதிலுக்காக விதிக்கப்பட்ட வரியை எதிர்த்து மக்கள் கடைகளை அடைத்து வேலைகளை நிறுத்தினர். பணியாதவர்களின் வீடுகளை விற்று அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றுவதாகக் கம்பெனி மிரட்டியது.

இலண்டனில் கம்பெனியின் நிர்வாகத்தை ஆட்டுவித்துவந்த ஜோசையா சைல்டு இதிலிருந்து ஒரு பாடம் கற்றார். அயலார் அதிகாரத்தால் கேட்டால் சிறுதொகையையும் தர மறுப்பவர்கள், தம்மவர் கூடி விதித்தால் பெருந்தொகையையும் தருவார்கள் என்பது அவர் கணிப்பு. 1687 டிசம்பர் 30ஆம் நாளிட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தோன்றியதற்குப் பின்னால் இக்கணிப்பு உண்டு. மேயராக நத்தானியேல் ஹிக்கின்சன் அமர்ந்தார். ஆல்டர்மென் பன்னிருவரில் உள்ளூர் இந்து வணிகர் மூவர் இடம்பெற்றனர். நகர மண்டபம், பள்ளி, சிறை ஆகியவற்றை வரிப்பணத்தில் கட்டுவது திட்டம். ஆனால் மக்கள் இதற்கும் மசியவில்லை. நாற்காலியில் அமர்ந்த மூவரைத் 'தம்மவர்' என்று அவர்கள் ஏற்கவில்லை என்றே கொள்ள வேண்டும். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி, வீட்டுவரிக்கு மக்களின் சம்மதத்தைப் பெறும் கருவியாகப் பிறந்து, பிறந்த கையோடு அதில் தோற்றது.

அடுத்த நூற்றாண்டில் மதில் மீண்டும் வந்தது. பிரெஞ்சுக்காரரின் முற்றுகையையும் ஹைதர் அலியின் படைகளையும் கண்டு அஞ்சிய கம்பெனி, முத்தியால்பேட்டையையும் பெத்தநாய்க்கன்பேட்டையையும் உள்ளடக்கிய புதிய கருப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியது. கட்டியவர், பிற்காலத்தில் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பேர்போன பால் பென்ஃபீல்டு. செலவை உள்ளே வாழ்பவர்களிடம் சுவர்வரியாகத் தண்டத் திட்டமிட்டனர். அவ்வரி தண்டப்படவே இல்லை. ஆனால் சுவரோரமாகப் போன சாலைக்கு வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுவரில் எஞ்சியது இன்று மாடிப்பூங்கா இருக்கும் சிறுபகுதி மட்டுமே. வாங்கப்படாத வரி ஒன்று இரண்டரை நூற்றாண்டாக மக்கள் வாயில் வாழ்வது மொழியின் விந்தை. அதைவிட முக்கியம், அவ்வரி காட்டும் தர்க்கம்: சுவருக்கு உள்ளே இருப்பவர் ஒரு விகிதம், வெளியே இருப்பவர் வேறு. நகராட்சி எல்லை என்ற கருத்து, இடிக்கப்பட்ட அச்சுவரின் கண்ணுக்குத் தெரியாத தொடர்ச்சி.

1793ஆம் ஆண்டின் பிரித்தானிய நாடாளுமன்றச் சட்டம் மாகாணத் தலைநகரங்களில் அமைதி நீதிபதிகளுக்கு வீடுகள்மீது வரி விதிக்கும் அதிகாரம் தந்தது. உச்சவரம்பு, மொத்த ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்கு. 'ஆண்டு மதிப்பு' என்பது இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்திலிருந்து வளர்ந்த மரபு. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று கற்பனை செய்து, அதில் ஒரு பங்கை வரியாகக் கேட்பது. வாசலை எண்ணிய நாட்டில், இல்லாத ஒரு வாடகைக்காரரைக் குடிவைத்துக் கணக்குப் போடும் முறை இவ்வாறு வந்து சேர்ந்தது. சொந்த வீட்டில் தலைமுறைகளாக வாழ்பவரிடம் 'உன் வீட்டின் வாடகை என்ன?' என்று கேட்கும் வரி இது. விடையைச் சொல்பவர் மதிப்பீட்டு அலுவலர்.

மாகாணத்தின் பிற ஊர்களுக்கு இம்முறை 1865, 1871, 1884, 1920 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழியாகப் பரவியது. சென்னைக்கு 1919ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்ட நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம் என இருவேறு சட்டங்கள் ஓராண்டு இடைவெளியில் வந்தன. சட்டம் வரம்பை வகுத்தது. அதற்குள் விகிதத்தை முடிவு செய்யும் உரிமை அந்தந்த நகர்மன்றத்துக்கு. பொதுவரியோடு குடிநீர், வடிகால், விளக்கு, கல்வி எனத் தனித்தனிக் கூறுகளும் சேர்ந்தன. குழாய்நீர் பெற்ற நகரின் விகிதம் கிணற்றை நம்பிய நகரின் விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தது இயல்பே. இரண்டையும் பக்கத்தில் வைத்து முதல் நகரில் 'வரி அதிகம்' என்று எழுதினால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

கிராமங்களில் வரலாறு வேறு வழியில் சென்றது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் கிராம வீடுகள்மீதும் வரி விதிக்க இடம் தந்தது. எதிர்ப்பு வலுத்ததால் பெரும்பாலான இடங்களில் அது கைவிடப்பட்டது. 1884க்குப் பின் சில ஊர்களைச் சேர்த்து 'யூனியன்' அமைத்து அங்கே மட்டும் வீட்டுவரி வாங்கினர். இன்றும் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பேசுவது 'வீட்டுவரி'. நகரச் சட்டங்கள் பேசுவது 'சொத்துவரி'. பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றுதான். சட்டவழக்கில் அவை இரண்டு உலகங்கள். ஊராட்சியில் கூரை, ஓடு, காங்கிரீட் என்று வீட்டின் வகையையும் பரப்பையும் பார்க்கும் எளிய கணக்கு. நகரத்தில் தெருவுக்குத் தெரு மாறும் வாடகை மதிப்பு. எல்லைக்கோடு நகர்ந்தால் வீட்டின் ஒரு செங்கல்கூட மாறாமல் வரியின் பெயரும் கணக்கும் தொகையும் மாறும்.

'யார் மதிப்பிட்டது' என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த விசித்திரமான விடை வாடகைக் கட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போரை ஒட்டி வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், குடியிருப்போரைக் காக்க நியாய வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றன. குண்டூர் நகராட்சி வழக்கில், அதே 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த கேள்விக்கு 1970இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: சட்டப்படி வாங்கக்கூடிய நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பை நகராட்சி கணக்கிட முடியாது. தர்க்கம் பழுதற்றது. விளைவோ, நகராட்சிகளின் வருவாய் சந்தையிலிருந்து விலகிப் பின்தங்கியது. விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும், அடித்தளமாகிய மதிப்பு கீழேயே கிடந்தது. விகிதம் அதிகமாகவும் வரி குறைவாகவும் இருக்கும் முரண் இவ்வாறு இயல்பாயிற்று.

இதே முரண் வேறு வடிவில் அமெரிக்காவில் காணப்படுகிறது. அங்கே கவுன்டிதோறும் சொத்துவரி விகிதத்தை ஒப்பிடுவது வீடு வாங்குவோரின் வழக்கம். ஆனால் கலிபோர்னியாவில் 1978இல் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு அடிப்படை விகிதத்தை 1 சதவீதத்துக்கும், மதிப்பின் ஆண்டு உயர்வை 2 சதவீதத்துக்கும் மட்டுப்படுத்தியது. வீடு கைமாறும்போது மட்டுமே மதிப்பு சந்தை நிலைக்கு ஏறும். ஆகவே ஒரே தெருவில், ஒரே கவுன்டியில், 1980இல் வாங்கியவரும் 2020இல் வாங்கியவரும் ஒரே விகிதத்தில் முற்றிலும் வேறான தொகைகளைச் செலுத்துகிறார்கள். விகிதம் காகிதத்தில் ஒன்று. சுமை வீட்டுக்கு வீடு வேறு.

சென்னையில் சட்டம் எதுவும் உறையவைக்காமலேயே மதிப்பு உறைந்தது. 1998இல் நடந்த பொதுச்சீராய்வுக்குப் பிறகு நீண்டகாலம் எதுவும் நடக்கவில்லை. 2018இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. குடியிருப்புக்கான அடிப்படை மதிப்பு தெருவைப் பொறுத்துச் சதுர அடிக்கு மாதம் 60 பைசாவிலிருந்து 2 ரூபாய் 40 பைசா வரை மட்டுமே என்று இருபத்தோராம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சந்தை வாடகையோடு அதற்கு எவ்வுறவும் இல்லை.

இதற்கிடையே 2011இல் எல்லைக்கோடு நகர்ந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைய, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. சுவர் இடிந்தது என்று தோன்றும். ஆனால் வரிக்கணக்கில் அது நின்றது. இணைந்த பகுதிகள் தத்தம் பழைய மதிப்புகளையே சுமந்து வந்தன. 2022 மார்ச் இறுதியில் வந்த அரசாணை அவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே ஏற்றது. பழைய சென்னையில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என உயர்வு. இணைக்கப்பட்ட பகுதிகளுக்கும் பிற மாநகராட்சிகளுக்கும் 25, 50, 75, 100. பதினைந்தாம் நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைச் சொத்துவரியின் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிப்பதோடு பிணைத்திருந்ததும் இவ்வாணைக்குக் காரணம்.

அப்போது அரசு தந்த ஒப்பீடு ஒன்று கவனத்துக்குரியது. சென்னையில் 600 சதுர அடி வீட்டுக்கு 810 ரூபாயாக இருந்த வரி உயர்வுக்குப் பின்னும் 1,215தான். மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, புனே ஆகிய நகரங்களில் இதைவிடக் கூடுதல் என்பது வாதம். எண்களில் பிழையில்லை. ஆனால் மும்பை 2010 முதல் மூலதன மதிப்பின்மீது வரி வாங்குகிறது. பெங்களூரு 2008 முதல் பரப்பலகு முறையில் வாங்குகிறது. சென்னை ஆண்டு வாடகை மதிப்பில் நிற்கிறது. மூன்றும் மூன்று வேறு பொருள்கள். முழக்கோலால் அளந்த துணியையும் படியால் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த பஞ்சையும் ஒரே அட்டவணையில் போட்டு, எது மிகுதி என்று கேட்பதை ஒத்தது அது.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? கூடும், ஒப்பிட்டே ஆகவேண்டும். ஒப்பீடு இல்லாமல் அநீதி கண்ணுக்குத் தெரியாது. மாணவர்கள் மாவட்டவாரியாகவோ உள்ளாட்சிவாரியாகவோ அட்டவணை தயாரிக்கும்போது விகிதத்தோடு மேலும் மூன்று நெடுவரிசைகளைச் சேர்த்தால் போதும்: மதிப்பிடும் முறையும் கடைசியாக மதிப்பிட்ட ஆண்டும், வரிக்கு ஈடாகக் கிடைக்கும் குடிநீர், வடிகால், விளக்கு போன்ற பணிகள், விகிதத்தை முடிவு செய்த நாளில் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்ததா என்பது.

கடைசி நெடுவரிசை மிகையாகத் தோன்றலாம். சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2018ஆம் ஆண்டின் உயர்வு அறிவிக்கப்பட்டபோது மன்றமே இல்லை. 2022ஆம் ஆண்டின் உயர்வு புதிய மன்றம் அமர்ந்த சில வாரங்களில் மேலிருந்து வந்தது. 2025இன் தொடக்கத்தில் பல ஊராட்சிகளை அருகிலுள்ள மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, கிராம மக்கள் பல இடங்களில் தெருவுக்கு வந்தனர். வீட்டுவரி சொத்துவரியாகி உயரும், கிராமங்களுக்கு மட்டும் உரிய நூறுநாள் வேலை பறிபோகும் என்பது அவர்களின் அச்சம். அதே சனவரி 5ஆம் நாளோடு மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றிருந்தனர். கோடு நகர்ந்த வேளையில், கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று பேச அவர்களுக்கு மன்றம் இல்லை.

நகரம் வளர்கிறது, குடிநீருக்கும் வடிகாலுக்கும் பணம் வேண்டும், இருபது ஆண்டுகள் உறைந்த வரி எந்த நகரையும் வாழவைக்காது. இதை மறுக்க முடியாது. 1429இல் கல்லில் விகிதம் வெட்டியவர்களும் வரியே கூடாது என்று சொல்லவில்லை. இவ்வளவு என்று தாங்கள் சொல்ல வேண்டும் என்றார்கள். 1688இல் இலண்டனில் இருந்த ஒரு வணிகருக்கே புரிந்த உண்மை அது. அவர் அதைத் தந்திரமாகப் பயன்படுத்த நினைத்தார், அதனால் தோற்றார். உள்ளாட்சி மக்களாட்சி அதை நேர்மையாகச் செய்து பார்க்க வேண்டிய கடன் இன்னும் அப்படியே நிற்கிறது.